அப்பா வீட்டு நெட்

டிசம்பரில் மூன்று வாரம் மடிப்பாக்கத்தில் அப்பா அம்மாவோடு இருந்துவிட்டு வந்தேன். கடைசி வாரம் அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று நியூ ஜெர்சியில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டில் நெட் இருக்கிறது, வருடத்துக்கும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது, கவலைப்படாதே என்று அப்பாவும் சொல்லியிருந்தார்.

போன மறுநாள் காலையில் காபி போடும்போது அடுப்படிச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைப் பார்த்தேன். அம்மா அதில்தான் பால் கணக்கு எழுதுவார். நவம்பர் தாளைப் புரட்டினால், பால் கணக்குக்குக் கீழே சிவப்பு மையில் பொடிப்பொடியாக 'நெ.இ.' என்று அப்பாவின் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், 13 கட்டங்கள். என்னப்பா இது என்று கேட்டேன். "நெட் இல்லை" என்றார்.

அதற்கப்புறம் அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நவம்பர் முழுக்க அப்பா எங்களோடு சரியாகவே பேசவில்லை. வீடியோ காலில் வருவார், பேத்தியின் முகத்தைப் பார்ப்பார், இரண்டே நிமிடத்தில் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவார். வயதாகிவிட்டது, காது மந்தமாகியிருக்கும் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். ஊருக்குப் போனதும் காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று குறித்தும் வைத்திருந்தேன். காதுக்கு ஒன்றும் இல்லை. பேத்தி சொல்கிற கதை அவருக்கு விட்டுவிட்டுத்தான் கேட்டிருக்கிறது. குழந்தை சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் இவரும் சிரித்திருக்கிறார். "சொல்லியிருக்கலாமே அப்பா?" என்றேன். "நீ அங்கேயிருந்து என்னம்மா பண்ணுவ?" என்றார்.

இந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மாதம் 350 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 413. பன்னிரண்டு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம். நியூ ஜெர்சியில் மாதம் 70 டாலர் கட்டுகிறவளுக்கு 4,956 ரூபாயில் 14 மாதம் என்றால் யோசிக்கவே தோன்றவில்லை. ஜூன் மாதம் நான்தான் "கட்டிடுங்கப்பா" என்றேன்.

ரசீதில் நெட் வேகம் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்று போட்டிருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சோதித்தால் 90-ஐத் தொடுகிறது. மார்கழிக் காலையில் யூடியூபில் பாட்டுப் போட்டுக்கொண்டே அம்மா கோலம் போடுவார், அந்த நேரத்தில் ஒரு தடங்கலும் கிடையாது. இரவு ஏழரைக்கு, நியூ ஜெர்சியில் காலை ஒன்பது மணி, என் முதல் மீட்டிங் தொடங்குகிற நேரத்தில் 1.4 வந்தது. இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு இணைப்பை பிராட்பேண்ட் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகம் இருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி ராத்திரி எங்கள் வீட்டில் பிராட்பேண்டே இல்லை. அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அது மாடிப்படித் திருப்பத்தில் மட்டும் ஒழுங்காக எடுக்கும். படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மீட்டிங் பேசினேன். இரண்டு ஜிபி தினக் கோட்டா எட்டரை மணிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

புகார் கொடுப்பது தனிக் கதை. எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல், அப்புறம் பாட்டு, அப்புறம் கட். ஆப்பில் பதிவு செய்தால் 48 மணி நேரத்தில் சரியாகும் என்று எஸ்எம்எஸ் வருகிறது. மறுநாள் ஒருவர் போனில் அழைத்து, "உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொன்னாத்தான் சார் ஆள் அனுப்ப முடியும்" என்கிறார். அப்பா சொல்லிவிட்டார். புகார் தீர்ந்தது என்று வாடிக்கையாளர் ஒப்புக்கொள்வதற்கான ஓடிபி அது. ஐந்தாவது நிமிடம் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. வாசலில் ஒருவரும் வரவில்லை. யாருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று பேங்கும் போலீஸும் படித்துப் படித்துச் சொல்கிற இந்தக் காலத்தில், 76 வயது மனிதரிடம் பொய் சொல்லி ஓடிபி வாங்குகிறார்கள். வேகம் குறைவதைக்கூட மன்னித்துவிடலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான்காவது முறை பதிவு செய்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு தம்பி வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். அவரோடு நானும் மொட்டை மாடிக்குப் போனேன். அப்போதுதான் எங்கள் வீட்டுக்கு நெட் வருகிற வழியையே முதன்முதலாகப் பார்த்தேன். தெருமுனை வீட்டு மாடிச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதுவரைக்கும்தான் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள். பெட்டிக்குள் நெட்டை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற சுவிட்ச் என்ற கருவி, அதற்குக் கரண்ட் அந்த வீட்டிலிருந்து. அவர்கள் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போனால் தெருவுக்கே நெட் கிடையாது. பேட்டரி வைக்கவில்லை. பெட்டியிலிருந்து எங்கள் வீடு வரை சாதாரண லேன் வயர், இரண்டு கைப்பிடிச் சுவர் தாண்டி, ஒரு முருங்கை மரத்தில் சுற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் கறுப்பு டேப்.

அந்த டேப்பை அவர் பிரித்தபோது உள்ளிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. செம்புக் கம்பிகளின் முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, பூஜைப் பாத்திரத்தை மாதக்கணக்கில் தேய்க்காமல் விட்டால் ஏறுமே, அதே பச்சை. "மழை முழுக்க உள்ளே இறங்கியிருக்கு மேடம்" என்றார். களிம்பு ஏறிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேல் தோலைச் சீவி, எட்டுக் கம்பிகளையும் விரலால் நீவி நேராக்கி, நிறம் பார்த்து வரிசைப்படுத்தினார். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். ஒரு பச்சைக் கம்பி உள்ளுக்குள் எங்கோ அறுந்திருந்தது. "இந்த வேகத்துக்கு எட்டுல நாலு கம்பிதான் மேடம் வேலை செய்யும். சும்மா இருக்கிற ஜோடியை அதுக்குப் பதிலா மாத்திப் போட்டுடறேன்" என்று நீலத்தை அங்கே கொண்டுவந்து பிளக்கில் அழுத்திப் பொருத்தினார். பெட்டிக்குப் போய் அந்த முனையிலும் அதே போல மாற்றிவிட்டு வந்தார். எல்லாமாக முக்கால் மணி நேரம். கை அவ்வளவு சுத்தம்.

வயரையே புதிதாகப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். "எங்க கையில இல்லைக்கா. புது வயருக்கு எழுதிக் கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு." மேடம் எப்போது அக்கா ஆனேனோ தெரியவில்லை. மடிப்பாக்கம், உள்ளகரம், மூவரசம்பட்டு மூன்றுக்கும் சேர்த்து மூன்றே பேராம். பெட்ரோல் அவர் காசு. ஓடிபி விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. ஒரு நாளைக்கு இத்தனை புகாரை முடிக்க வேண்டும் என்று ஆபீஸில் கணக்கு, முடிக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். அம்மா மோர் கொடுத்தார். அப்பா இருநூறு ரூபாய் நீட்டினார், எவ்வளவு சொல்லியும் வாங்க மறுத்துவிட்டார். இவரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் ஒரு சுருள் நல்ல வயரை இவர் கையில் கொடுத்திருந்தால் காலண்டரில் அத்தனை சிவப்பு விழுந்திருக்காது.

நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ஏரியாவுக்கே போய்விட்டது. மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிறது. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. எங்கேயோ தோண்டும்போது ஃபைபர் அறுந்ததாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊருக்கு ரயில் வரும்போது இதெல்லாம் நடக்கும், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கேபிள் அறுந்திருக்கிறது, நாளை மாலை வரும் என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாம் அல்லவா? பணம் கட்டச் சொல்லி வாரம் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பத் தெரிகிறதே.

அன்றைக்கே வேறு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் வந்து வீட்டுக்குள் வரைக்கும் ஃபைபரே இழுத்துக் கொடுத்தார்கள். மாதம் 589 ரூபாய். கரண்ட் போனால் தாங்க ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஓடுகிறது.

பழைய இணைப்பில் இன்னும் எட்டு மாதப் பணம் நிற்கிறது. போனால் போகட்டும் என்று அப்பா சொன்னார், நான் விடவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட பிராட்பேண்ட் தர விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது. பழுது மூன்று நாளைத் தாண்டினால் அதற்கு ஈடு தர வேண்டும். 2012-ன் விதிகள்படி ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் தர வேண்டும், அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தில் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராயே தனி ஆள் புகாரை எடுத்து விசாரிக்காது என்பதால் இந்த வழியைப் பிடித்தேன். அப்பாவைப் போல எத்தனையோ பேர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அடுத்த வருடத்துக்கும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி அப்பாவும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த மேல்முறையீட்டை எழுதினோம். காலண்டரின் நவம்பர் தாளைக் கிழித்துப் படம் எடுத்து இணைத்தோம். பால் கணக்கும் அதிலேயே இருக்கிறதே என்று அம்மா கூச்சப்பட்டார். இருக்கட்டும் என்றேன். புகார் எண்கள் ஏழையும் அப்பா தன் டைரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார், நான் தட்டச்சு செய்தேன்.

இன்றோடு 27 நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை அப்பா பேத்தியோடு ஐம்பது நிமிடம் பேசினார், நடுவில் அந்த முருங்கை மரத்தையும் காட்டினார். பழைய வயர் இன்னும் அதில்தான் தொங்குகிறது.