செங்டுவா, சோங்சிங்கா? முதுகுப்பையோடு போகிறவர்களுக்கு

தென்மேற்குச் சீனாவில் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: அதிக நாள் தங்க செங்டு நல்லதா, சோங்சிங் நல்லதா? இரண்டுக்கும் நடுவே அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். 1997 வரை இரண்டும் ஒரே சிச்சுவான் மாகாணத்தில் இருந்த ஊர்கள். இரண்டிலும் தங்கிப் பார்த்துவிட்டு, கையில் மிச்சமிருந்த நாட்களைச் சோங்சிங்குக்கே கொடுத்தேன். நாளை இங்கிருந்து கிளம்புகிறேன், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

மெட்ரோ, விடுதி, அலிபே என்ற கைபேசிப் பணச் செயலி, காரம் இதெல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை விட்டுவிடலாம்.

செங்டு சமதரை. மக்கள் பூங்காவில் இருக்கும் ஹெமிங் தேநீர்க் கடையில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்து, மூடி போட்ட கோப்பையில் ஒரு தேநீர் வாங்கினால் பொழுது சாயும்வரை இருக்கலாம். வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பாண்டாக்களைக் காலையில் காப்பகத்தின் கதவு திறக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும், வயிறு நிறைந்ததும் அவை தூங்கிவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வென்ஷு மடாலயத்து உணவகம் பெரிய நிம்மதி. சுற்றுவட்டாரமும் பலமானது: அணை கட்டி மறிக்காமலேயே மின் என்ற பெயருள்ள ஆற்றைப் பிரித்து, 2,200 ஆண்டுகளுக்கு மேலாகப் பாசனம் தரும் துஜியாங்யான், 71 மீட்டர் உயர லெஷான் புத்தர், எமெய் மலை. மூன்றுக்கும் ரயிலில் போய்விடலாம்.

இத்தனைக்கும் பிறகு நான் ஏன் சோங்சிங் பக்கம்? ஒரே காரணம், நடை. செங்டுவில் பார்க்க வேண்டிய இடங்கள் தனித்தனியாகக் கிடக்கின்றன, நடுவில் இருப்பது எந்தப் பெருநகரத்திலும் இருக்கும் அகலச் சாலை. சோங்சிங்கில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியே பார்க்க வேண்டிய காட்சி. அதற்கு நுழைவுச்சீட்டும் கிடையாது. சிக்கனமாகப் பயணம் செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

யாங்சியும் ஜியாலிங்கும் கூடும் இடத்தில், மலை மேலேயே கட்டிய ஊர் இது. தரைத்தளம் எது என்று இங்கே சட்டென்று சொல்ல முடியாது. குய்சிங்லோ கட்டடத்தின் முன்னால் உள்ள சதுக்கம் சாதாரணத் தரை மாதிரிதான் இருக்கிறது. ஓரத்துக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தால், இருபது மாடிக்கும் கீழே இன்னொரு சாலையில் கார்கள் ஓடுகின்றன. வரைபடத்தில் இருநூறு மீட்டர் என்று காட்டும் இடத்துக்குப் போக நாலு படிக்கட்டும் ஒரு லிஃப்டும் தேவைப்படும். வழி கேட்டால் உள்ளூர்க்காரர்கள் இடது வலது சொல்வதற்கு முன் மேலேயோ கீழேயோ கையைக் காட்டுகிறார்கள். லியாங்லுகோ அருகே 112 மீட்டர் நீள எஸ்கலேட்டர் ஒன்று இருக்கிறது, 2 யுவான் கட்டணம்.

லிஸிபாவில் 19 மாடிக் குடியிருப்பின் ஆறாவது முதல் எட்டாவது மாடி வரை மெட்ரோ நிலையம். ரயில் வீட்டுக்குள் புகுந்து வெளியே வருகிறது. கட்டடத்தையும் நிலையத்தையும் சேர்த்தே திட்டமிட்டு, தூண்களை மட்டும் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். கீழே கூட்டத்தோடு நின்று படமெடுப்பதைவிட, இரண்டாம் வழித்தடத்தில் முன்பெட்டியில் ஏறி ஆற்றோரமாகப் போய்ப் பாருங்கள். 1987-இல் ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடப்பதற்காக வந்த கேபிள் காரில் இன்று சுற்றுலா வரிசைதான். ஆறாம் வழித்தட ரயிலும் பாலத்தின் கீழடுக்கில் அதே யாங்சியைத்தான் கடக்கிறது, மெட்ரோ காசில்.

காலையில் படிக்கட்டு ஓரத்தில் சியாவ்மியன் என்ற கார நூடுல்ஸ் கடை போடுவார்கள். உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேசை, குட்டி ஸ்டூல்தான் நாற்காலி. மிளகாய் எண்ணெய், பூண்டுத் தண்ணீர், நாக்கை மரக்க வைக்கும் சிச்சுவான் மிளகு எல்லாம் கிண்ணத்தின் அடியில் கிடக்கும், மேலே நூடுல்ஸும் கீரையும். நன்றாகக் கிளறிவிட்டுச் சாப்பிட வேண்டும். சைவர்கள் கவனம்: கொதிக்கும் குழம்பில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட்டின் சிவப்புக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில்தான்.

முழங்கால் வலி இருந்தாலோ, வயதானவர்கள் கூட வந்தாலோ யோசிக்கவே வேண்டாம், செங்டுதான். கோடையைப் பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் வந்தது இலையுதிர் காலம். 2022 ஆகஸ்டில் இங்கே பெய்பெய் பகுதியில் 45 டிகிரி தொட்டிருக்கிறது. அந்த வெயிலில் இந்தப் படிகளை ஏற எனக்குத் தைரியம் வராது. சோங்சிங்கின் சுற்றுவட்டாரத்தில் உள்ள தாஸு பாறைச் சிற்பங்களுக்கும் வூலோங் மலைப்பகுதிக்கும் நான் போகவில்லை, அதனால் வெளியூர்ச் சுற்றில் செங்டுவுக்கே கூடுதல் மதிப்பெண் போடுகிறேன்.

இரண்டுக்கும் நேரம் இருந்தால் முதலில் செங்டு, அப்புறம் சோங்சிங். இங்கிருந்து ஆற்றின் போக்கில் கீழே உள்ள யீசாங் நகரம் வரை யாங்சியில் கப்பலிலேயே போகலாம். ரயில் என்றால் சீட்டில் எந்த நிலையம் என்று பாருங்கள். சோங்சிங் வடக்கு என்றிருந்தால் வடக்குச் சதுக்கமா, தெற்குச் சதுக்கமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பையோடு போய்ச் சேரவே நேரம் பிடிக்கும், ரயில் அதற்குள் போய்விடும்.