31 பிரிவா, 53 பிரிவா? கோமாவை வைத்து முடிவெடுங்கள்

ஸ்தாயியை 12-க்கு மேல் சமமாகப் பிரிக்கத் துணிபவர்களில் பலர் இந்த இரண்டு எண்களுக்கு வந்து சேர்கிறார்கள். எது துல்லியம் என்று கேட்டால், பஞ்சமத்துக்கு 53 என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதிலை வைத்து வாத்தியம் செய்ய முடியாது. 81:80 என்ற 21.5 சென்ட் (ஒரு சென்ட் = ஸ்தாயியின் 1200-இல் ஒரு பங்கு) இடைவெளியை, அதாவது சின்டானிக் கோமாவை, அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று பாருங்கள். நான்கு சுத்தப் பஞ்சமங்களை அடுக்கி இரண்டு ஸ்தாயி இறக்கினால் காந்தாரம் 407.8 சென்ட்டில் நிற்கும். 5:4 காந்தாரமோ 386.3. இடையில் மிஞ்சுவதுதான் கோமா. நம் சுருதிக் கணக்கில் இதன் பெயர் பிரமாண சுருதி.

31-இல் அது மறைந்துவிடுகிறது. இரண்டு காந்தாரங்களும் ஒரே கட்டை. 53-இல் அது சரியாக ஒரு படி. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

சுத்த விகிதத்திலிருந்து விலகல், சென்ட்டில் (3:2 பஞ்சமம், 5:4 பெரிய காந்தாரம், 6:5 சிறிய காந்தாரம், 7:4 இயற்கை ஏழாம் சுரம்):

| பிரிவு | ஒரு படி | 3:2 | 5:4 | 6:5 | 7:4 |
|---|---|---|---|---|---|
| 12 | 100 | −2.0 | +13.7 | −15.6 | +31.2 |
| 19 | 63.2 | −7.2 | −7.4 | +0.1 | −21.5 |
| 31 | 38.7 | −5.2 | +0.8 | −6.0 | −1.1 |
| 53 | 22.6 | −0.1 | −1.4 | +1.3 | +4.8 |

காதுக்கு இது எப்படித் தெரியும்? 261.6 ஹெர்ட்ஸ் சி-யை அடியாக வைத்து சி–ஜி வாசித்தால், 31-இல் விநாடிக்கு சுமார் 2.3 விம்மல் (ஒலி கூடிக் குறையும் அலைவு) கேட்கும். 53-இல் ஒரு விம்மல் முடிய அரை நிமிடம் ஆகும். சி–இ எடுத்தால் நிலைமை மாறுகிறது: 12-இல் விநாடிக்குப் பத்துக்கு மேல், 53-இல் ஒன்று, 31-இல் 0.6. தம்பூரா போல ஸ–ப விடாமல் ஒலிக்கும் இசைக்கு 31-இன் பஞ்சமம் உறுத்தும். ஸ்வரக்கூட்டு (கார்டு) மாறிக்கொண்டே போகும் இசையில் அந்த உறுத்தல் அவ்வளவாகத் தெரியாது. இனிமையான காந்தாரமே முன்னால் நிற்கும்.

இப்போது சி மேஜர், ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர், மீண்டும் சி என்று ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் பொதுச் சுரத்தை அசைக்காமல் பிடித்து, எல்லாக் கூட்டையும் சுத்தமாக வைத்தால், 53-இல் கடைசி சி ஒரு படி இறங்கியிருக்கும். பத்துச் சுற்றில் 226 சென்ட், ஒரு முழுச்சுரத்துக்கும் மேல். இறங்கவிடாமல் தடுக்க டி-யை நடுவில் ஒரு படி ஏற்றலாம். நீட்டிப் பிடித்த சுரமென்றால் அந்தத் தாவல் பளிச்சென்று கேட்கும். முதலிலிருந்தே டி-யை அந்த மேல் படியில் நிறுத்திவிட்டால் டி–ஏ பஞ்சமம் 679 சென்ட்டாகச் சுருங்கி ஊளையிடும். 31-இல் இந்தச் சிக்கலே எழாது, சுற்று சி-யிலேயே முடியும்.

ஐரோப்பியக் கோட்டுக் குறிமானமும் கோமா இல்லை என்ற அனுமானத்தில்தான் நடக்கிறது. தாளில் சி–இ–ஜி என்று இருப்பதை 53-இல் பஞ்சமச் சங்கிலிப்படி அப்படியே போட்டால் கிடைப்பது 18 படிக் காந்தாரம், 407.5 சென்ட். இனிய காந்தாரம் 17-ஆம் படியில், எஃப் ஃபிளாட் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய விசைப்பலகை இசைக்கு 31 பொருந்துவதில் வியப்பில்லை: பஞ்சமத்தைக் கால் கோமா குறைத்துக் காந்தாரத்தைச் சுத்தமாக்கும் அக்காலச் சுருதி முறையான கால் கோமா மீன்டோனின் பஞ்சமத்துக்கும் (696.6) 31-இன் பஞ்சமத்துக்கும் (696.8) 0.2 சென்ட்தான் வித்தியாசம். 1691-இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் கணக்கிட்டுக் காட்டியதும் இதையே. 7:4 நெருக்கமாகக் கிடைப்பது கூடுதல் வரவு.

53-க்கு உயிருள்ள மரபு துருக்கியில். அங்கே முழுச்சுரம் 9 கோமா. அதற்குள் 4, 5, 8 கோமா இடைவெளிகள் தனித்தனிப் பெயரோடு புழங்குகின்றன. அவற்றை 31-இல் வைத்தால் 8-உம் 9-உம் ஒன்றாகிவிடும், மகாமின் (துருக்கிய ராக முறையின்) நிறமே போய்விடும்.

கையில் எடுக்கும்போது 53 கடினம். 650 மி.மீ. நீளத் தந்தியுள்ள கிட்டாரில் முதல் மெட்டின் (ஃபிரெட்) இடைவெளி 31-இல் 14.4 மி.மீ., 53-இல் 8.4 மி.மீ. ஸ்தாயி தாண்டியதும் 53-இன் இடைவெளி 4 மி.மீ. அளவுக்குக் குறையும், விரல் நுழையாது. கிட்டார்தான் வேண்டுமென்றால் 53-ஐ மறந்துவிடுங்கள், 23.3 மி.மீ.யில் தொடங்கும் 19-கூட நல்ல வழி, மெலிந்த பஞ்சமத்தைப் பொறுத்துக்கொண்டால். மின்னணு வாத்தியங்கள் பேசிக்கொள்ளும் மிடி நெறிமுறையில் ஒரு சேனலுக்கு 128 சுர எண்களே உண்டு: 31-க்கு நான்கு ஸ்தாயிக்குச் சற்று மேல், 53-க்கு இரண்டரைகூட இல்லை. 53-ஐ இரண்டு மூன்று சேனல்களில் பிரித்துப் போட வேண்டியிருக்கும். பிட்ச் பெண்டால் (சுருதியை வளைக்கும் மிடி கட்டளையால்) சமாளிப்பவர்கள் சுரத்துக்கு ஒரு சேனல் ஒதுக்காவிட்டால், ஒரு சுரத்தை வளைக்கும்போது அந்தச் சேனலில் ஒலிக்கும் அத்தனையும் சேர்ந்து வளையும்.

ஸ்காலா கோப்பு (சுருதி அளவுகளை மென்பொருளுக்குச் சொல்லும் உரைக் கோப்பு) எழுதும்போது 1:1-ஐச் சேர்க்காதீர்கள், கடைசி வரி 2/1. சென்ட் மதிப்பில் புள்ளி கட்டாயம்: 1200. என்று புள்ளியோடு எழுதினால் ஒரு ஸ்தாயி; புள்ளி விடுபட்டால் மென்பொருள் அதை 1200:1 விகிதமாகப் படித்து, பத்து ஸ்தாயிக்கு மேலே கொண்டுபோய் வைக்கும்.