நேச்சுரல் பிளாக், டார்க் பிரவுன், பர்கண்டி: மாநிறத்துக்கு எது?

நரைக்கு டை போடலாம் என்று முடிவெடுத்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் டார்க் பிரவுனோடு நின்றுவிட்டேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தோல் நிறத்தை முதலில் முடித்துவிடலாம். கருப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும், டைக்கு அதைவிட முக்கியம் தோலின் சாயல், அதாவது மஞ்சள் பக்கமா ரோஸ் பக்கமா என்பது. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் மஞ்சள், நீலமாகத் தெரிந்தால் ரோஸ் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். கொஞ்சம் கருத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அப்புறம் எங்கே பச்சையும் நீலமும் பார்ப்பது? மேக்கப் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, பளிச்சென்ற வெள்ளைத் துணியை ஒருமுறையும் கிரீம் நிறத் துணியை ஒருமுறையும் கழுத்துக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். கிரீமில் முகம் தெளிவாக இருந்தால் மஞ்சள் சாயல், வெள்ளையில் தெளிந்தால் ரோஸ். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் நடுவாந்தரம், கவலையே இல்லை.

நேச்சுரல் பிளாக்கின் பலம் தெரிந்ததுதான்: பிறந்ததிலிருந்து இருந்த நிறம், நன்றாகக் கருத்த தோலுக்கு இயல்பாகப் பொருந்தும், நரையையும் கெட்டியாக மூடும். ஆனால் நம் சொந்தக் கருப்பு ஒரே கருப்பு இல்லை, வெயிலில் நின்றால் முடிக்கு முடி வித்தியாசம் தெரியும், சிலது லேசாகப் பிரவுன் அடிக்கும். டைக் கருப்பு வேரிலிருந்து நுனி வரை ஒரே மட்டம். அது முகத்தோடு சேராமல் தனியாக நிற்கும், கண்ணுக்குக் கீழே கருவளையமும் வாயோரக் கோடும் இருந்தால் அதையெல்லாம் இன்னும் அழுத்திக் காட்டும். புருவம் நரைக்க ஆரம்பித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

பர்கண்டி, அதாவது ஒயின் மாதிரி கருஞ்சிவப்பு, போட்ட அன்று அழகோ அழகு. ரோஸ் சாயல் உள்ள மாநிறத்துக்கு மிக நன்றாக எடுக்கும். மஞ்சள் சாயல்காரர்கள் அதைவிட மஹாகனி மாதிரி கொஞ்சம் பிரவுன் கலந்த சிவப்புக்குப் போகலாம். சிக்கல் என்னவென்றால், பிளீச் செய்யாத கருப்பு முடியில் பர்கண்டி வெயிலில் மட்டும்தான் தெரியும், வெள்ளை முடியிலோ பளீரென்று ஏறும். அங்கங்கே நரைத்த தலையில் போட்டால் நரைத்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. போதாததற்குச் சிவப்பு நிறமிகள்தான் சீக்கிரம் வெளுப்பவை, சில வாரத்தில் துருப்பிடித்த மாதிரி ஆகிவிடும். தலையணை உறை, துண்டு எல்லாவற்றிலும் சாயம் வேறு.

சரி, டார்க் பிரவுன். பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் 1 என்றால் கருப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம், டார்க் பிரவுன் 3, நடுத்தர பிரவுன் 4. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயல்: வழக்கமாக .1 ஆஷ் (சாம்பல் சாயல்), .3 கோல்டன் (பொன் சாயல்). பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். மஞ்சள் சாயல் தோலுக்கு சாதா 3, 4 அல்லது துளி கோல்டன் நன்றாக இருக்கும். ரோஸ் சாயலுக்கு ஆஷ் பக்கம் போகலாம். ஏற்கெனவே களைப்பாகத் தெரிகிற முகம் என்றால் ஆஷ் அதிகமாகப் போக வேண்டாம், முகம் சாம்பல் பூத்துவிடும்.

எனக்கு டார்க் பிரவுன் பிடித்ததற்கு நிறம் பாதிக் காரணம்தான், மீதி மூன்றாவது வாரம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். கருப்பு டை போட்ட தலையில் மூன்றாவது வாரம் வகிட்டைப் பாருங்கள், கன்னங்கரேல் என்ற இரண்டு பக்கத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு சாக்பீஸில் இழுத்த மாதிரி இருக்கும், காதோரம் இன்னும் மோசம். பிரவுனிலும் அதே அளவு வேர் வளரத்தான் செய்கிறது, ஆனால் வெள்ளைக்கும் பிரவுனுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு, அதனால் கோடு மங்கலாகத் தெரியும், வகிட்டைக் கொஞ்சம் கோணலாக எடுத்தால் இன்னும் ஒன்றிரண்டு வாரம் சமாளிக்கலாம். கருப்போடு கலந்த நரை என்றால் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: 3-ஆம் எண் கருப்பு முடியைப் பெரிதாக மாற்றாது, வெள்ளை முடி மட்டும் பிரவுனாகும், பார்ப்பதற்கு வேண்டுமென்றே ஹைலைட்ஸ் செய்த மாதிரி இருக்கும்.

அடுத்து, திரும்பி வரும் வழி. டை போட்ட முடியை இன்னொரு டை வெளுக்கவைக்காது. கருப்பு போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் மேலே பிரவுன் பூசிப் பயனில்லை, கலர் ரிமூவரோ பிளீச்சோ வேண்டும், இல்லையென்றால் வளர்த்து வெட்ட வேண்டும். பிரவுனிலிருந்து கருப்புக்குப் போவது ஒரு சாயங்கால வேலை. ஒவ்வொரு முறையும் முழு நீளத்துக்கும் பூசினால் பிரவுனும் நுனியில் அடுக்கடுக்காக ஏறிக் கருப்பாகிவிடும், அதனால் வேருக்கு மட்டும் போடுங்கள், நுனி வெளுத்திருந்தால் கடைசிச் சில நிமிடம் சீப்பால் இழுத்துவிட்டால் போதும்.

பிரவுனுக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயிலிலும் நீச்சல் குளத்துத் தண்ணீரிலும் அது செம்பு நிறத்துக்கு இறங்கும், வெள்ளை முடியில் இது சீக்கிரம் தெரியும். கோல்டன் சேர்த்த ஷேட் எடுத்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அலைச்சல் அதிகம் உள்ளவர்கள் சாதா எண்ணோ .1-ஓ எடுப்பது நல்லது.

என் அனுபவம் மஞ்சள் சாயல் மாநிறத்தோடும் பாதி நரையோடும் நிற்கிறது. முழுக்க வெளுத்த தலையில் பிரவுன் எப்படி என்று அக்கா தலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். 3 போட்டபோது வெள்ளை வேர்க்கோடு கிட்டத்தட்ட கருப்பு டை போட்ட தலையில் தெரிகிற அளவுக்கே தெரிந்தது, 5-க்கு மாறிய பிறகு பரவாயில்லை. நல்ல சிவப்பு நிறக்காரர்களுக்கும் தாடிக்கும் இதே கணக்கு சரிவருமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ஒவ்வாமை விஷயத்தில் மட்டும் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிபிடி என்ற, ஒவ்வாமை தரக்கூடிய சாயப் பொருள் நிரந்தர டை பெரும்பாலானவற்றில் உண்டு, பொதுவாக அடர்ந்த ஷேடுகளில் கூடுதல், உடனடியாகக் கருப்பாக்கும் மெஹந்திப் பொடிகளிலும் இருக்கலாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் காத்திருந்து பாருங்கள், பழக்கமான பிராண்டாக இருந்தாலும்.

3-ஆ 4-ஆ என்று தயங்கினால் 4 எடுங்கள். கருமை போதவில்லை என்றால் அடுத்த முறை 3 போட்டுக்கொள்ளலாம்.