ஸ்விட்சில் புரோட்டோகால் வாரியாக ஏசிஎல்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

நான்கு வருடத்துக்கு முன்பு வரை எங்கள் லேயர் 3 ஸ்விட்சில் (நெட்வொர்க் பிரிவுகளுக்கிடையே பாக்கெட்டுகளைக் கடத்தும் கருவி) ஏசிஎல், அதாவது எந்த பாக்கெட் போகலாம், எது போகக் கூடாது என்ற விதிப் பட்டியல், இரண்டே வரிதான். கெஸ்ட் விலானிலிருந்து (விலான் என்றால் ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) சர்வர் விலானுக்குப் போகக் கூடாது, மற்றதெல்லாம் போகலாம். அப்புறம் கேமராக்கள் வந்தன. ஒரு கேமரா ஐபி வாங்க வேண்டும், நேரம் கேட்க வேண்டும், ரெக்கார்டரோடு பேச வேண்டும். வேறு எங்கேயும் அதற்கு வேலை இல்லை. அதனால் புரோட்டோகாலையும் போர்ட்டையும் பார்த்து முடிவெடுக்கும் எக்ஸ்டெண்டட் ஏசிஎல்லுக்கு மாறி, டிசிபி (இணைப்பு வைத்துப் பேசுவது), யுடிபி (இணைப்பு இல்லாமல் அனுப்புவது), ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் நிலைமையைச் சொல்லும் செய்திகள்) என்று பிரித்து எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவது சுலபம். ஸ்விட்ச் மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு டினை (தடை) காத்திருக்கும். இதெல்லாம் முதல் நாளே தெரிந்ததுதான். என் காலை வாரியது வேறு.

டிஎச்சிபிக்கு (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுக்கும் ஏற்பாடு) நான் போட்ட வரி இது: யுடிபி, சோர்ஸ் 10.20.30.0, வைல்ட்கார்டு 0.0.0.255 (கடைசி எண் எதுவானாலும் சரி), டெஸ்டினேஷன் போர்ட் 67 (டிஎச்சிபி சர்வரின் எண்), பெர்மிட் (அனுமதி). பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லை. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. காலையில் ஒரு கேமராவிலும் படம் இல்லை. ஸ்விட்சில் கேபிள் செருகிய இடத்தில் லைட் எரிகிறது, மேக் அட்ரஸ் (கருவியின் அடையாள எண்) தெரிகிறது, ஐபி மட்டும் வரவில்லை. நல்லவேளை, கடைசியில் ஒரு டினை வரியை நானே எழுதி வைத்திருந்தேன். அதன் ஹிட் கவுண்ட் (அந்த வரியில் சிக்கிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. விஷயம் என்னவென்றால், லீஸை (ஐபியை வைத்துக்கொள்ளக் கொடுத்த தவணை) புதுப்பிக்கும்போது கேமரா தன் சொந்த ஐபியிலிருந்து கேட்கும், என் வரியில் பொருந்திவிடும். புதிதாக எழுந்திருக்கும்போது அதற்கு ஐபியே கிடையாது, 0.0.0.0-லிருந்து 255.255.255.255-க்குக் கத்தும். அதற்கு நான் வழியே விடவில்லை. ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் உயிர் பெற்றன. மூன்று மாதம் ஓடியதை வைத்து ‘வேலை செய்கிறது’ என்று நம்பியது என் தப்பு. இப்போது புது லிஸ்ட் போட்டால் அன்றைக்கே ஒரு கருவியையாவது பவரைப் பிடுங்கிப் போட்டுப் பார்க்கிறேன்.

ஐசிஎம்பியில் பட்டது இன்னொரு ரகம். பிங் (கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேட்பது) தொல்லை வேண்டாம் என்று ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவிட்டேன். கிளை அலுவலகத்திலிருக்கும் சர்வரில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) லாகின் ஆகும், பெரிய ஃபைலை அனுப்பினால் அப்படியே உறைந்துவிடும். வழியில் பாக்கெட்டுக்கு இடம் குறைவான விபிஎன் டனல் (இணையத்தின் வழியே போகும் மறைவான பாதை) இருந்ததால் பாக்கெட்டைச் சிறிதாக்கச் சொல்லும் ஐசிஎம்பி டைப் 3, கோட் 4 செய்தி திரும்பி வர வேண்டும். அதையும் சேர்த்து நான்தான் கொன்றிருந்தேன்.

ஃபயர்வால் பழக்கத்தில் வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஸ்விட்ச் ஏசிஎல்லுக்கு ஞாபகசக்தி கிடையாது. போன பாக்கெட்டுக்குப் பதில் வந்தால் அதையும் நாம்தான் உள்ளே விட வேண்டும். டிசிபிக்கு ‘எஸ்டாப்ளிஷ்ட்’ (ஏற்கெனவே தொடங்கிய பேச்சு) என்ற சொல் கைகொடுக்கும், ஆனால் அது பாக்கெட்டில் இருக்கும் ஏசிகே, ஆர்எஸ்டி என்ற அடையாள பிட்களை மட்டுமே பார்க்கிறது. யுடிபிக்கு அதுவும் இல்லை. டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் சேவை) பதில் வேண்டுமென்றால் சோர்ஸ் போர்ட் 53-ஐத் திறந்தே வைக்க வேண்டியதுதான். பெரிய பதில் வந்தால் டிஎன்எஸ் டிசிபிக்கு மாறிவிடும் என்பதால் அங்கேயும் 53 வேண்டும்.

போர்ட் ரேஞ்ச் நிறையப் போட்டால் ஒரே வரி டிகேமில் (ஸ்விட்ச் ஏசிஎல்லை வைத்திருக்கும் அளவான மெமரி) பல இடங்களைத் தின்னும். சின்ன ஸ்விட்சாக இருந்தால் முதலிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருந்துகொண்டே எஸ்எஸ்எச் பெர்மிட்டை அழித்தேன். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதை. ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றிலிருந்து ஏசிஎல்லில் கை வைப்பதற்கு முன் 10 நிமிடத்தில் ரீலோட் ஆகச் சொல்லிவிட்டு (சேவ் செய்யாத மாற்றம் அதில் போய்விடும்), எல்லாம் சரி என்றால் மட்டும் ரத்து செய்து சேவ் செய்கிறேன்.

கேமரா, பிரிண்டர் போல ஒரே வேலை செய்யும் கருவிகளுக்கு இந்த முறையை நான் தாராளமாகச் சொல்வேன். மனிதர்கள் உட்காரும் விலானுக்கு வேண்டாம். அங்கே முயன்று, தினமும் ஒரு வரி சேர்த்து, 90 வரியானதும் கைவிட்டேன். கேமரா லிஸ்ட் இன்றும் 11 வரிதான்.