ஐந்து நாளா, ஓராண்டா, அவர் வீடேவா?

நான்கு வருடம் ஒரு பெண்கள் காப்பகத்தில் பதிவேடு எழுதினேன். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘வெளியேறிய விதம்’. அதில் ‘குடும்பத்துடன் சேர்ந்தார்’ என்று எழுதினால், ஆண்டறிக்கையில் அது வெற்றிக் கணக்கில் சேரும். அப்படி நான் என் கையால் எழுதி அனுப்பிய ஒரு பெண், ஏழாவது வாரம் மாவுக்கட்டுக் கையோடு திரும்பி வந்தார். அவருக்குப் புதிய எண், புதிய பக்கம் போட்டோம். பழைய பக்கத்தில் அவர் இன்னும் வெற்றிதான்.

அதனால், வீட்டில் அடி தாங்காமல் வருகிறவருக்கு இருக்கும் மூன்று வழிகளை ஒப்பிடும்போது ஒன்றைத்தான் பார்க்கிறேன்: ஆறு மாதம் கழித்து அவர் பயமில்லாமல் தூங்குகிறாரா?

முதல் வழி, ஒருங்கிணைந்த சேவை மையம், அதாவது ‘சகி’. பெண்கள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் நிர்பயா நிதியில் 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். மருத்துவம், போலீஸ், ஆலோசனை, சட்ட உதவி என நான்கு இடத்துக்கு அலைய வேண்டியதை ஒரே இடத்தில் ஏற்பாடு செய்கிறார்கள். செருப்புகூட இல்லாமல், நைட்டியோடு நள்ளிரவில் வந்து நிற்பவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். ஆனால் தங்க முடிவது பொதுவாக ஐந்து நாள். நான் பார்த்தவரை, முதல் இரண்டு நாள் அவர்கள் தூங்குகிறார்கள். மூன்றாம் நாள்தான் பேச்சு வருகிறது. ஐந்தாம் நாள் முடிவு எடு என்றால், அந்த அவசரத்தில் கிடைப்பது பெரும்பாலும் சமரசம்தான்.

இரண்டாவது, நீண்டகால இல்லம். சுவாதார் கிரே என்று இருந்தது, 2022-இல் ஒன்றிய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் சக்தி சதன் ஆனது. சுவாதார் விதிப்படி ஒரு இல்லத்துக்கு 30 பேர். குடும்ப வன்முறைக்கு ஆளானவர் ஓராண்டு வரை இருக்கலாம் என்று இருந்தது. அந்தக் கால அவகாசம் பெரிய விஷயம். தன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்று ஒரு பெண் கேட்கவே மூன்று மாதம் ஆகிவிடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், சின்னச் சின்ன விதிகளில். சுவாதாரில் மகனுக்கு 8 வயது தாண்டினால் அம்மாவோடு இருக்க முடியாது, அவன் சிறுவர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. மகனைப் பிரிய மனமில்லாமல் அடிக்கிற வீட்டுக்கே திரும்பிப் போனவர்கள் உண்டு. இப்போது அந்த வயதை உயர்த்தியிருக்கிறார்கள், நல்லதுதான். அப்புறம் கேட். மாலை ஆறு மணிக்குப் பூட்டினால், ஒன்பது மணிக்கு முடியும் ஜவுளிக்கடை வேலைக்கு எப்படிப் போவது? தையல் வகுப்பு நடத்திவிட்டு வேலைக்குப் போகும் வழியை அடைப்பதை நான் திட்டமிடல் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அவர் ஏன் கிளம்ப வேண்டும்? 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அவருக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமை தருகிறது. 19-ஆம் பிரிவின்படி கணவரை வெளியேறச் சொல்லவோ, வேறு வீட்டுக்கு வாடகை கொடுக்கச் சொல்லவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது கூட்டுக் குடியிருப்பாக, அதாவது அவருக்கு வசிக்கும் உரிமை உள்ள வீடாக, இருக்க முடியும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறாது, அவருக்கு வேலை போகாது.

ஆனால் எந்தப் பெண்ணையும் வீட்டை விட்டு வெளியேற்ற இந்தப் பிரிவு அனுமதிப்பதில்லை. அடிப்பதில் மாமியாருக்கும் பங்கு இருந்தால், அவர் அங்கேயேதான் இருப்பார். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் பல மாதம் இழுக்கிறது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது உத்தரவுக் காகிதத்தை நம்பி உட்காரச் சொல்ல மாட்டேன்.

என் கணக்கு இதுதான்: கத்தி, மண்ணெண்ணெய், கழுத்தை நெரித்தல் என்ற பேச்சு வந்தால் உடனே சகி, அங்கிருந்து நேரே நீண்டகால இல்லம். அந்த அளவு ஆபத்து இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், முதலில் பாதுகாப்பு அலுவலர், அதாவது இந்தச் சட்டப்படி மனு போட உதவும் அரசு அலுவலர், வழியாக 19-ஆம் பிரிவு.

எந்த வழியானாலும், வெளியே போன பிறகு யார் துணை? அமெரிக்காவில் காப்பகத்தை விட்டு வெளியேறிய 278 பெண்களில் ஒரு பாதிக்கு, பத்து வாரம், வாரத்துக்குச் சில மணி நேரம் ஒருவர் துணையாகச் சென்றார். வீடு, வேலை, கோர்ட், பள்ளி என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் கூட அலைந்தார். இரண்டு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், துணை கிடைத்தவர்களில் நாலில் ஒருவர் மறுபடி அடிபடவில்லை. கிடைக்காதவர்களில் அது ஏறக்குறைய பத்தில் ஒருவர். 1999-இல் வெளியான ஆய்வு. நம் ஆண்டறிக்கைகளில் இந்தக் கேள்விக்கு இன்னும் கட்டமே இல்லை.

கடைசி வருடம் நாங்களே பதிவேட்டில் ஒரு கட்டம் கூட்டினோம்: ‘மூன்றாம் மாதம் பேசியது’. எந்த எண், எத்தனை மணிக்கு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரையே கேட்டு எழுதினோம். மூன்றாவது கேள்விக்குப் பலரும் சொன்ன பதில் ஒன்றுதான். “ராங் நம்பர்னு சொல்லி வெச்சிடுங்க அக்கா. மறுநாள் திரும்பக் கூப்பிடுங்க.”