அம்மாவோடு மூன்று வாரம், பூங்கா பூங்காவாக

பதினாறு ஆண்டுகளாக மெல்பர்னில் இருக்கிறேன். சிங்கப்பூருக்கு வந்தால் தேக்கா, உறவினர் வீடு, ஒரு கல்யாணம், மறுபடி விமானம் என்று நாள் ஓடிவிடும். இந்த முறை மூன்று வாரமும் அம்மாவுக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன். அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. வீட்டுக்குள் கைத்தடி, வெளியே சக்கர நாற்காலி. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டால், அங் மோ கியோ வீட்டின் ஒன்பதாம் மாடிச் சன்னல்தான் அவருக்குப் பகல் முழுவதும். "எங்கேம்மா போகணும்?" என்று கேட்டேன். "பச்சையா இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

பூவும் மரமும் அப்புறம். ஒவ்வொரு பூங்காவிலும் நான் முதலில் தேடியது மூன்று: நாற்காலி போகிற அளவுக்குப் படியில்லாத பாதை, பக்கத்தில் ஒரு கழிவறை, கைப்பிடி வைத்த இருக்கை. கைப்பிடி ஏன் என்றால், அம்மா உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் முடியாது. இரண்டு கையையும் ஊன்றி எழ ஒரு பிடிமானம் வேண்டும். அழகான மரப்பலகை இருக்கைகள் எத்தனையோ பார்த்தேன். கைப்பிடி இல்லையென்றால் அம்மாவுக்கு அது இருக்கையே இல்லை.

நான் ஊரைவிட்டுப் போன பிறகு வந்த தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது. மேஃபிளவர் நிலையத்தில் ஏறினால் அதே ரயிலில் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம், கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போகலாம், 2024 ஜூனில் திறந்த நிலையங்கள் வழியாகக் கிழக்குக் கடற்கரைக்கும் போகலாம். எங்கும் மாற வேண்டாம், எல்லா இடத்திலும் மின்தூக்கி. நிலையம் வரை பேருந்து. ஓட்டுநர் தன் இடத்தைவிட்டு இறங்கி வந்து, நடுக்கதவுக்குக் கீழே இருக்கும் சாய்தளத்தைக் கையால் விரித்து, நாற்காலியைத் தானே பிடித்து ஏற்றிவிட்டார். பேருந்தில் இருந்தவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. முதல் நாள் கூச்சத்தில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, மூன்றாம் நாள் ஓட்டுநரிடம் "பசியாறியாச்சா?" என்று மலாயில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பூமலைக்கு நேப்பியர் நிலையத்தில் இறங்கிப் போனோம். தாவரவியல் பூங்காவை எங்கள் வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே குரங்குகள் உண்டாம். கடலைப் பொட்டலத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருவார்களாம். இப்போது குரங்கு இல்லை, அந்தப் பெரிய தெம்புசு மரம் இருக்கிறது. ஐந்து வெள்ளி (டாலர்) நோட்டில் இருக்கிற அதே மரம். தரையை ஒட்டிக் கிடக்கும் அந்தக் கிளைக்குப் பக்கத்தில் போக விடாமல் வேலி போட்டிருக்கிறார்கள். அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து, கிளையின் வளைவை மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்படியே போட்டிருக்கான்" என்றார்.

ரப்பர் மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1888இல் இந்தப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர்தான், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கே வைத்து உருவாக்கியவர். என் தாத்தா ஜொகூர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதே சாய்வு வெட்டைத்தான் இருட்டோடு எழுந்து போய் வாழ்நாளெல்லாம் போட்டார். இந்த விஷயத்தை நான் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பாவோட கையில எப்பவும் அந்தப் பால் வாடை இருக்கும்" என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பூமலை பெயருக்கு ஏற்ற மேடு. பாதை நன்றாக இருந்தாலும் நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு நல்ல தெம்பு வேண்டும். நாங்கள் நுழைந்த வாசலில் 'பூமலை' என்ற சொல்லைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. மூன்று தலைமுறை வாயில் புழங்கிய அந்தப் பெயரை ஒரு பலகையில் தமிழில் எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கரையோரப் பூந்தோட்டங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 2012இல் திறந்த அந்த 101 ஹெக்டர் இடத்தில் வெளித்தோட்டம் இலவசம், பாதையெல்லாம் சமதளம். இரவு 7.45க்கும் 8.45க்கும் செயற்கைப் பெருமரங்களில் விளக்குக் காட்சி. சுற்றுப்பயணிகள் கூட்டம் அதிகம் என்பதால் நாற்காலியோடு போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலை நான் மட்டும் மெக்ரிட்சி காட்டுக்குள் போய் 250 மீட்டர் தொங்குபாலத்தில் நடந்துவிட்டு வந்தேன். போகும் வழியில் படிகள் நிறைய, கால் முடியாதவர்களுக்கு ஆகாது. திங்கட்கிழமை பாலம் மூடியிருக்கும்.

கிழக்குக் கடற்கரைக்கு அண்ணன் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பூங்கா முழுக்கக் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். "இந்த இடமெல்லாம் நான் பார்க்கும்போது தண்ணி" என்று அம்மா சொன்னதைப் பிள்ளைகள் நம்பவே இல்லை. 15 கிலோமீட்டருக்கு மேல் கரை, வரிசையாகக் கப்பல்கள், வாட்டும் அடுப்புகளிலிருந்து புகை. அந்த அடுப்பை முன்பதிவு செய்யாமல் சனிக்கிழமை போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். ஒரு சைக்கிள் வாடகைக் கடையில்தான் மனக்கசப்பு. பாதி வழியில் சங்கிலி அறுந்துபோன சைக்கிளுக்கு எங்களிடமே பணம் பிடித்தார்கள். எடுக்கும்போதே சங்கிலி, பிரேக், டயர் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பூங்காவில் சக்கர நாற்காலிக்கான கழிவறை பூட்டிக் கிடந்தது. கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்து, ஆள் வந்து திறக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடம் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடையில் போன பணத்தை நான் மறந்துவிடுவேன். இதை மறக்க மாட்டேன். வயதானவர்களுக்கு என்று கட்டிய ஒன்றைப் பூட்டி வைக்கக் கூடாது.

இத்தனை இடம் போய் வந்த பிறகு எது நல்ல பூங்கா என்று கேட்டால், யோசிக்காமல் பீஷான் - அங் மோ கியோ பூங்கா என்பேன். எங்கள் புளோக்கிலிருந்து பதினைந்து நிமிடம். மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளத்தைக் கடந்து, கூரை போட்ட நடைபாதை வழியாகச் சாலைக்கு வந்தால் பாதசாரிகள் கடக்கும் விளக்கு. கம்பத்தில் இருக்கும் கருவியில் அம்மா தன் மூத்தோர் சலுகை அட்டையைத் தொட்டால், பச்சை மனிதன் இன்னும் சில வினாடிகள் நிற்கும். அந்த வேலையை அம்மா யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்டுக் கதவிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு படிகூட இல்லை.

ஆறு என்று சொல்கிறேனே, என் சின்ன வயதில் அது பெரிய லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் கொஞ்சம் தண்ணீர், கிட்டே போனால் திட்டு விழும். சிங்கப்பூரிலேயே நீளமான காலாங் ஆறுதான் அப்படி ஓடிக்கொண்டிருந்தது. 2009இல் வேலை தொடங்கி 2012இல் முடித்தார்கள். பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டர் நேராகப் போன கால்வாயை உடைத்து, வளைந்து வளைந்து ஓடும் மூன்று கிலோமீட்டர் ஆறாக ஆக்கிவிட்டார்கள். கரையைப் பிடித்து நிற்பது கல்லும் செடியின் வேரும்தான். உடைத்த கான்கிரீட்டைக் கொட்டி ஒரு குன்றே எழுப்பியிருக்கிறார்கள். பெருமழையில் ஆறு புல்வெளியின் மேல் பரவிக்கொள்ளும், ஆட்கள் விலகிப்போக எச்சரிக்கை ஒலியும் விளக்கும் உண்டு. மற்ற நாளில் குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் மீன் பிடிக்கிறார்கள். இரண்டாம் வாரம் ஒரு காலையில், நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் நீர்நாய் ஒன்று மீனைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. எலும்பு நொறுங்கும் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

அதே பூங்காவில் முதியவர்களுக்காகவே ஒரு சிகிச்சைத் தோட்டம் இருக்கிறது. செடிகள் இடுப்பு உயரத் தொட்டிகளில் இருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடலாம், முகரலாம். அம்மா கற்பூரவல்லி இலை ஒன்றை ஒடிக்காமல் விரலால் லேசாகத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் அதையே செய்துவிட்டு, இது எதற்கு என்று கையால் கேட்டார். "ஊபாட் பாத்தோக்" என்றார் அம்மா. இருமல் மருந்து. அவ்வளவுதான், இரண்டு பேரும் பழைய சந்தை மலாயில் ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்தக் காலத்துக் கம்பத்து (கிராமத்து) வாழ்க்கை, செத்துப்போன கணவர்கள், இஞ்சி விலை. அங்கே இருக்கைகளுக்குக் கைப்பிடி உண்டு. அம்மா கையை ஊன்றித் தானாகவே எழுந்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அதன் பிறகு வேறு எந்தப் பூங்காவுக்கும் போகலாம் என்று அவர் சொல்லவே இல்லை. நான் கிளம்பும் நாள் காலையிலும் அங்கேதான் இருந்தோம், அண்ணி விடுப்பு எடுத்து வந்திருந்தார். விடைபெறும்போது, அடுத்து எப்போது வருவாய் என்று பாட்டி கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தார். "சனிக்கிழமை அத்தை, நான் கூட்டிட்டு வர்றேன்" என்றார் அண்ணி. அம்மா பாட்டியின் பக்கம் திரும்பி, "ஹாரி சப்து" என்றார்.