பட்டர்நட்டா, கபோச்சாவா?

பட்டர்நட், கபோச்சா இரண்டும் பரங்கி வகைகள். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரு காய் கைக்கு வந்தால் முதலில் காம்பைப் பாருங்கள். நிறத்தை மட்டும் நம்ப முடியாது. பட்டர்நட்டின் காம்பு கெட்டியாக, ஐந்து விளிம்போடு, காயைத் தொடும் இடத்தில் அகன்றிருக்கும். கபோச்சாவின் காம்பு உருண்டையாக, தக்கை போலச் சொரசொரப்பாக இருக்கும்.

பட்டர்நட் வெளிர் பழுப்பு, நீண்ட கழுத்து. விதையெல்லாம் அடிக்குண்டில்தான், கழுத்து முழுக்கச் சதை. தோல் சீவுவது சுலபம். ஈரம் அதிகம் என்பதால் அரைத்தால் வழவழப்பான சூப் கிடைக்கும்.

கபோச்சா பெரும்பாலும் கரும்பச்சை, தட்டையான உருண்டை. வெட்டுவதுதான் பெரும்பாடு, கத்தி பாதியில் சிக்கிக்கொள்ளும். முழுக்காயைச் சில நிமிடம் ஆவியில் வைத்தால் இளகிவிடும். தோலைச் சீவ வேண்டாம், வெந்ததும் அதையும் சாப்பிடலாம். சதை சர்க்கரைவள்ளி போல மாவாக உதிரும். துண்டுகளுக்கு ஆவியில் சுமார் 15 நிமிடம் போதும். தண்ணீரில் மூழ்கவிட்டால் அந்த மாவுத்தன்மை குறைந்துவிடும்.

சூப்புக்குப் பட்டர்நட், சரி. வெறும் உப்பு தூவிச் சாப்பிட நான் கபோச்சாவைத்தான் எடுப்பேன். அப்புறம், எதுவானாலும் சமைக்கும் முன் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அது குக்கர்பிட்டசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது.